அவளுக்குச் சங்கடமாக இருக்கும்

டீ ஆறிவிடும், எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கேன்டீனில் இஞ்சியை அள்ளிப் போடுவார்கள். பழக்கமில்லாதவர்களுக்குத் தொண்டை எரியும். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் இதைவிட நல்ல டீ கிடைக்காது.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற புகாரில் ஷர்மிளா என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறாள் என்று சொன்னீர்கள். முஸ்லிம் என்பதற்காகத் தனக்கு பிளான்ட் ஹெட் பதவி தராமல் விட்டார் என்று எங்கள் நிர்வாக இயக்குநர் ஜானகிராமன் மேல் அவள் புகார். தனக்காகப் பேச இந்த வனஜா மேடம் இருக்கிறாள் என்று நம்பி என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். பாவம்.

நான் இங்கே மனிதவளத் துறைக்குத் தலைவி. பிரேக் பாகங்கள் செய்கிற இந்தத் தொழிற்சாலையின் மாடியில் தனி அறை கிடைத்த முதல் பெண். அப்போதெல்லாம் மாடியில் பெண்களுக்குக் கழிப்பறைகூடக் கிடையாது. கீழே இறங்கி, பேக்கிங் பெண்கள் போகிற இடத்துக்குப் போய்வருவேன். பெண்களை நிர்வாகப் பதவிகளுக்குத் தயார் செய்யும் திட்டம் ஒன்று தொடங்கியபோது, அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லா ஊர், மதம், மொழிப் பெண்களும் அதில் இருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த சஸ்மிதா, வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் சுரேகா, ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஷர்மிளா. மீட்டிங்கில் கடைசி நாற்காலியைத் தேடாதே, எவனாவது குறுக்கே பேசினால் நீ நிறுத்தாதே என்று ஒவ்வொருத்திக்கும் சொல்லிக்கொடுத்தேன். அது பொய் இல்லை. தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஷர்மிளா அவர்களில் கெட்டிக்காரி. லைனில் சண்டை வந்தால் அவள் போய் நின்றாலே போதும், அடித்துக்கொண்டவர்கள் சிரித்தபடி வேலைக்குத் திரும்புவார்கள். பழைய பிளான்ட் ஹெட் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் எல்லார் வாயிலும் அவள் பெயர்தான்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று பிளான்ட் ஹெட்தான் மெஷின்களுக்குக் கற்பூரம் காட்டி, கேட்டில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்க வேண்டும். அதைப் பற்றி ஒருநாள் அவளிடம் கேட்டேன். சிரித்துவிட்டாள்.

“அக்கா, எங்க அப்பா அவரோட லேத்துக்கு அவரே சந்தனம் வெப்பாரு. நான் பொரிக்கு சண்ட போட்டு வளந்தவ. கற்பூரத்த லோகநாதன் அண்ணன் காட்டட்டும், பூசணிக்காயும் அவரே ஒடைக்கட்டும். பொம்பளைங்க ஒடைக்கக் கூடாதுன்னு வேற சொல்வாங்க, நீங்களே பிளான்ட் ஹெட்டா வந்தாலும் இதே கததான். நான் பக்கத்துல நின்னு எல்லாருக்கும் பொரி குடுக்கறேன். இதுல என்னக்கா இருக்கு?”

ஆபரேட்டர்களில் மூத்தவரான லோகநாதனிடமும் பேசிவைத்திருந்தாள். அவர் என்னைத் தேடி வந்து, “ஷர்மி வந்தா நம்மூட்டுப் பொண்ணு வந்த மாதிரி மேடம். பூசணிக்கா மேட்டர நான் பாத்துக்கறேன், நீங்க ஒண்ணியும் கவலப்படாதீங்க” என்றார். ஆக, பிரச்சினை என்று ஒன்று இல்லவே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜானகிராமனும் அவள் பெயரைத்தான் முடிவு செய்து வைத்திருந்தார். உத்தரவு போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். “ஆயுத பூஜை விஷயம் ஒண்ணு இருக்கு சார். அவளுக்குச் சங்கடமா இருக்கும். எங்கிட்ட சொல்லி அழுதா, உங்ககிட்ட வாயத் தெறக்க மாட்டா. அவ நம்பிக்கைய நாமதான் மதிக்கணும். நான் சொன்னதா வெளிய வர வேண்டாம்.” அவர் பதறிப்போனார். “அடடா, இது எனக்குத் தோணவே இல்லையே” என்றார். பதவி பூந்தமல்லி யூனிட்டிலிருந்து வந்த அஸ்வினுக்குப் போனது.

முன்பு சஸ்மிதாவின் பதவி உயர்வு விஷயத்திலும் இப்படித்தான். தமிழ் ஆட்களை மேய்க்க அவளுக்குப் பயமாக இருக்கிறதாம் என்றேன். சுரேகாவுக்கு, வீட்டில் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டாராம் என்றேன். அவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் அவர்களைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை, பரிந்துதான் பேசினேன். திட்டத்துக்கு விருதுகூட வந்தது. மேடையில் அந்தப் பெண்களே எனக்கு மாலை போட்டார்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஷர்மிளா மாடிக்கு வந்துவிட்டால், “அக்கா, இத எப்படிச் செய்யலாம்?” என்று என் கதவைத் தட்ட மாட்டாள். ஒரு கையெழுத்துக்கு நான் அவள் அறை வாசலில் நிற்க வேண்டும். அந்த மாடியில் நான் ஒருத்திதான் பெண் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் இருக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஜானகிராமன் பிறகு அவளைக் கூப்பிட்டு, “உங்க நம்பிக்கைய மதிச்சுத்தான் இந்த முடிவு” என்றிருக்கிறார். அவள் நேரே என்னிடம்தான் ஓடிவந்தாள். “நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்? அவராவே முடிவு பண்ணிட்டாரு பாத்தீங்களா?” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். புகார் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

அந்த ஆயுத பூஜைக்கு அவள் வரவில்லை. லோகநாதன் அஸ்வினிடம் கொடுக்க வேண்டிய பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னா மேடம், ஷர்மி இல்லாம ஒரு மாதிரி கீது. நம்ம பூசை அதுக்குப் புடிக்கலன்னு பசங்க பேசிக்கினு கீறானுங்க. அது அப்படிச் சொல்ற பொண்ணா?” என்று கேட்டார். “அஸ்வின் சார் காத்துட்டிருக்காரு, கொண்டுபோய்க் குடுங்க” என்றேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

என் பெயரை வெளியே விடுவதில்லை என்று ஜானகிராமன் வாக்குக் கொடுத்திருந்தார். உங்களிடம்கூட அவர் சொல்லவில்லை, இல்லையா? ராஜினாமா செய்யப்போகிறார் என்று நேற்று கேள்விப்பட்டேன். அதனால்தான் சொல்கிறேன். அவர் செய்யவில்லை. நான்தான் செய்தேன், மூன்று பேருக்கும்.

இதை ஷர்மிளாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நானே நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் எனக்குத் தெரியும். அவளுக்கு ரொம்பச் சங்கடமாக இருக்கும்.