மாடிக்கு ஒரு மூணாவது ஆள்

...அதான் சொல்றேன் தம்பி, வீட்டு மேல ஒரு குறையும் கிடையாது. எல்லாம் எங்க வீட்டுக்காரரோட வாய். பாத்து ஏறுங்க, கடைசிப் படி கொஞ்சம் உயரம். இந்த மாடியில ஒருத்தரும் நிலைக்கலைன்னா அதுக்குக் காரணம் அந்த மனுஷன்தான். உங்க சம்சாரம் கார்லயே இருக்கட்டும், நீங்க பாத்தாப் போதும். இந்தாங்க சாவி, நீங்களே திறங்க.

இது ஹாலு. காத்து எப்படி வருது பாருங்க. என்ன கேட்டீங்க, அவரா? காலேஜ்ல சமூகவியல் வாத்தியாரா இருந்தாரு. ஜனங்க எப்படி வாழ்றாங்கன்னு படிக்கிற படிப்புன்னு நெனச்சு எங்கப்பா கட்டிக் குடுத்துட்டாரு. இவரு படிச்சது ஜனங்க எப்படிச் சாகடிக்கிறாங்கன்னு. கொலை தம்பி, ஆயுசு பூரா கொலை. யாரு யாரைக் கொன்னான், எதுக்குக் கொன்னான், எந்த ரூம்ல வெச்சுக் கொன்னான்... இவரு ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு, அது வேற விஷயம்.

சரி, இத்தனை வருஷம் படிச்சு என்னத்தக் கண்டுபிடிச்சாரு? முன்னப்பின்ன தெரியாதவன் கொல்றது கம்மியாம், தெரிஞ்சவன்தான் கொல்லுவானாம். அட, தெரியாதவன் மேல எனக்கு எதுக்குக் கோவம் வரப் போகுது? இதைச் சொல்றதுக்கு ஒரு மாநாடு, ஒரு மேடை, அதுக்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேற.

காரணமும் பெருசா இருக்காதாம். தண்ணி மோட்டாரு, பாட்டுச் சத்தம், வண்டி நிறுத்துற எடம். வீட்டுக்காரனும் குடியிருக்கிறவனும் அடிச்சுக்கிறதுக்குன்னே தனியா எழுதி வெச்சிருக்காரு. ஆமா, உங்க கார் எங்க நிறுத்துவீங்க? கேட்டு முன்னாடியா... சரி சரி, அதை அப்புறம் பேசிக்கலாம்.

இது சமையல் ரூம். நல்ல வெளிச்சம். சண்டை முத்துறது பாதி நேரம் இங்கதானாம், கத்தி கைக்கு எட்டுதுல்ல. நான் கீழ காய் நறுக்கிட்டு இருப்பேன், இவரு வாசப்படியில நின்னு "கத்தியக் கீழ வெச்சுட்டுப் பேசு"ம்பாரு. எரிச்சல்ல நாலு வார்த்தை விட்டா, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு "இப்படித்தான் ஆரம்பிக்கும்"னு சொல்வாரு. ஒரு சண்டையைக்கூட நிம்மதியாப் போட முடியல தம்பி.

முன்னாடி சின்னஞ்சிறுசுங்களா ஒரு ஜோடி இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டிக்குள்ளதான் கொலை ஜாஸ்தின்னு கேட்டதுலருந்து அந்தப் பொண்ணு அவனை ஒரு மாதிரியாவே பாக்க ஆரம்பிச்சுட்டா. மூட்டை கட்டிட்டாங்க. அப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு, தங்கமான பசங்க. சொத்துத் தகராறு பத்திக் கேட்டாங்களோ இல்லையோ, சின்னவன் ரூமைத் தாப்பா போட்டுக்கிட்டுத் தூங்கினான். அவங்களும் போயாச்சு.

அவரு ஏன் போய் அவங்ககிட்டச் சொன்னாருன்னு கேக்குறீங்களா? அவரு எங்க சொன்னாரு? முழங்கால் போனதுலருந்து மாடிப் பக்கமே வரலியே. குடியிருக்கிறவங்க எதுக்க வந்தாக்கூடக் கூச்சப்பட்டுக்கிட்டு உள்ள போயிடுவாரு. நான்தான் முன்கூட்டியே சொல்லி வெச்சேன். பின்னாடி அவரு வாயால கேட்டுப் பயந்துடக் கூடாதில்ல? நல்லதுக்குத்தானே சொன்னேன்.

எனக்கு வாடகைகூட முக்கியமில்ல தம்பி, ஆள் வேணும். பிள்ளைங்க ஆளுக்கொரு ஊர்ல இருக்குதுங்க. பக்கத்துல ஒருத்தன் நின்னு "அட விடுங்கப்பா"ன்னு சொல்லியிருந்தா பாதிக் கொலை நடந்திருக்காதுன்னு அவரு சொல்வாரு. அவரு சொன்னதுல நான் ஒத்துக்கிறது அது ஒண்ணுதான். எங்க ரெண்டு பேருக்கு நடுவுல அப்படிச் சொல்ல நாதி இல்ல. போன வாரம் "கத்தியக் கீழ வை"ன்னாரு. நான் வெக்கல. கொஞ்ச நேரம்... வெக்கவே இல்ல. அவரு மூஞ்சியப் பாத்து எனக்கே பயமாப் போச்சு தம்பி. அதான், மேல ஒரு நடமாட்டம் இருந்தா நல்லதுன்னு.

வாங்க, பெட்ரூம் இந்தப் பக்கம்... தம்பி? எங்க போயிட்டீங்க? தம்பி...

கார் கிளம்பிடுச்சு. சாவியப் படியிலயே வெச்சுட்டுப் போயிருக்காரு பாரு.

ஏங்க, கேக்குதா? உங்க வாயால இவரும் போயாச்சு. என்ன... இருங்க, வரேன். காய் இன்னும் நறுக்கல.