பதினொன்றாம் மாதிரி

எனக்குப் படிப்பது பிடிக்கும். முப்பத்திரண்டு வயதிலும் மாணவனாக இருப்பதில் எனக்கு வெட்கமில்லை. அதைப் பெரிய குற்றம்போல் பேசியவர் எங்கள் வீட்டில் அண்ணி ஒருவர்தான்.

அவர் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸ். கெட்டவர் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாய்தான் கொஞ்சம் நீளம். வீட்டுக்கு யாராவது வந்தால், "எங்க கொழுந்தன் கிருமிக்கெல்லாம் வம்சாவளி எழுதுறாரு. அவரு வம்சம் எப்பன்னுதான் தெரியல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

வம்சாவளி என்பது சரியான சொல்தான். கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, எது எதிலிருந்து பிரிந்தது என்று கணினியில் மரம் வரைவது என் ஆராய்ச்சி. அந்த வார்டில் ஒரே மாதத்தில் மூன்று குழந்தைகள் ரத்தத்தில் கிருமி ஏறி இறந்தபோது, மாதிரிகள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. மொத்தம் பதினொன்று. ஆய்வு செய்பவர் யார் பக்கமும் சாயக்கூடாது என்பதால் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

அன்று சாப்பிடும்போது அண்ணியே சொன்னார். "என் கையிலயும் துடைச்சு எடுத்தாங்க தம்பி. நான் ஏழாம் நம்பர். நல்லவேளை, பார்க்கப்போறது நம்ம வீட்டு ஆளு."

ஐந்து மாதிரிகளில் கிருமி இருந்தது. மரம் தெளிவாக வந்தது. அடியில் பதினொன்று, அதாவது வார்டின் கை கழுவும் தொட்டிக் குழாய். அதிலிருந்து குழந்தைகள். கடைசிக் குழந்தையிடமிருந்து, நுனியில், ஏழு. தூக்கியபோது ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பதினொன்றை நீக்கினேன். 'தரம் போதாது' என்று ஒரு வரி எழுதினால் போதும். மிச்சமிருக்கும் கிளைக்கொத்தை எந்த நுனியில் பிடித்துத் தூக்குகிறோமோ, அதுதான் வேர்போலத் தெரியும். ஏழாம் எண்ணைப் பிடித்துத் தூக்கினேன். மூன்று குழந்தைகளும் கீழே தொங்கினார்கள். பேராசிரியர் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

அண்ணியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதோடு விட்டிருக்கலாமே என்கிறீர்கள். விட்டிருப்பேன். அவரேதான் என் அறைக்கு வந்தார். "ஒவ்வொரு தடவையும் கை கழுவிட்டுத்தான் தம்பி தூக்கினேன். நெசமாவே நான்தானா?"

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, கிளை கிளையாக விளக்கினேன். பொறுமையாக, முக்கால் மணி நேரம். இடையில் ஒரு கிண்டல்கூட இல்லை. என் படிப்பை அவர் மதித்துக் கேட்டது அன்றுதான். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

இப்போது அவர் தன் எட்டு மாதக் குழந்தையைத் தொடுவதில்லை. அது கைகளை நீட்டி அழும். அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். அண்ணன்தான் ஊட்டுகிறார். வீட்டுக்கு யாரும் வருவதில்லை. படிக்க வசதியாக இருக்கிறது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும், அதே வார்டில் பிறகு இறந்த இன்னும் இரண்டு குழந்தைகளின் விஷயம் வேறு. அவை இறந்தது அண்ணி வார்டை விட்டுப் போய் இருபது நாள் கழித்து. அதையும் என் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. குழாயைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.