ஓடும்போது தூக்கக் கூடாது

பழைய ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் நான் உடனே நம்புவதில்லை. பாதி நேரம் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். அதைப் புதுக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைக்கத் தெரியாதவர்கள்தான் குறை சொல்வார்கள். உட்கார், மச்சான். பாப்பா ஏன் கிடைத்த வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடக்கிறாள் என்று கேட்டாய். அதற்கு இந்த டிஸ்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கியது பாப்பாதான். பாப்பா சின்னக் குழந்தையாக இருந்தபோது, உன் அக்கா நைட் டியூட்டிக்குக் கிளம்பும் முன் அவளுக்காக அதன் மைக்கில் பேசிப் பதிவுசெய்து வைத்துவிட்டுப் போவாள். பாப்பா தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபடியே தூங்கிவிடும். "பல்லு தேச்சியா? பொய் சொல்லாத. எங்க, வாயத் தொற பாப்போம்." நர்ஸ் அல்லவா, மைக்கிடம்கூட வாயைத் திற என்பாள். கடைசியாகப் பேசிவைத்துவிட்டுப் போன அன்று வழியிலேயே விபத்து, உயிர் போய்விட்டது. அந்தப் பதிவை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை நான் ஆன் செய்யவும் இல்லை.

அந்தக் காலத்து டிஸ்குக்குப் பட்டையான அகலக் கேபிள். இப்போதைய கம்ப்யூட்டரில் அதைச் செருக இடமே கிடையாது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும், டிஸ்குக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். இரண்டும் கொடுத்தேன். டிஸ்க் சுற்றியது; திரையில் ஒன்றும் வரவில்லை. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். டிஸ்கின் பின்பக்கம் சில ஊசிகள் இருக்கும். அவற்றில் இரண்டின் மேல் அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. அதற்கு ஜம்பர் என்று பெயர். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டிய காலத்தில், எது முதல், எது இரண்டாவது என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். நம்முடையது இரண்டாவது என்று இருந்தது. இல்லாத முதல் டிஸ்கை அடாப்டர் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. தொப்பியை இடம் மாற்றினேன். பதிவுகள் எல்லாம் தேதி வாரியாக வந்து நின்றன.

"அப்பா, நீ மந்திரவாதிப்பா" என்றாள் பாப்பா. கடைசித் தேதியைத் தொட்டுப் பார்த்தாள். "எல்லாத்தையும் காப்பி பண்ணிக் குடு. வேலைக்குப் போற ஊர்ல வச்சு கேட்டுக்கறேன். கடைசிய மட்டும் இப்பவே போடு. இரு, குளிச்சிட்டு வந்துடறேன்."

அவள் குளித்து வருவதற்குள் எல்லாவற்றையும் என் போனில் ஏற்றிக்கொண்டேன். கடைசிப் பதிவைக் கேட்டேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது தொப்பி பழைய இடத்தில் இருந்தது. டிஸ்க் சுற்றியது. திரையில் ஒன்றும் இல்லை.

வயதான டிஸ்க், மனசு வந்தால்தான் வேலை செய்யும் என்று சொன்னேன். அவள் பாத்திரம் கழுவும் நேரம் பார்த்துச் சில நாள் தொப்பியை மாற்றுவேன். ஒரு பதிவைக் கேட்பாள், சிரிப்பாள், அழுவாள். காப்பி எடுத்தால் தாங்காது என்றேன், நம்பினாள். கடைசிப் பதிவு மட்டும் கெட்டுப்போன இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மெல்லத்தான் எடுக்க வேண்டும் என்றேன். வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப்போட்டாள். பிறகு மறுபடியும் தள்ளிப்போட்டாள். போகாதே என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இனி காத்திருக்க முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அன்று பையைக் கட்டிக்கொண்டு வந்தாள். "டிஸ்க நான் எடுத்துட்டுப் போறேன்ப்பா. அங்க பெரிய ரிப்பேர் கடை இருக்காம்."

"அப்பாவ விடப் பெரிய ஆளா?"

"கோச்சுக்காதப்பா. அவங்களும் ஒரு தடவ பாக்கட்டுமே."

எந்தக் கடைக்காரனும் முதலில் அந்தத் தொப்பியைத்தான் பார்ப்பான்.

டிஸ்குக்குள் ஒரு தட்டு சுற்றும். படிக்கும் முனை அதைத் தொடாமல் மேலே மிதக்கும். நடுவில் உள்ள இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. நிறுத்திவிட்டால் முனை ஒதுங்கிக்கொள்ளும், பயமில்லை. ஓடும்போது கீழே விழுந்தால் தட்டையே சுரண்டிவிடும். இதைப் பாப்பாவுக்கு நானே படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அன்று, "கரண்ட ஆஃப் பண்ணிட்டேன், எடுத்துக்க" என்றேன். ஆஃப் செய்யவில்லை. மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடியதால் டிஸ்கின் சத்தம் கேட்கவில்லை. கேபிளை மேசைக் காலோடு இறுக்கிக் கட்டியிருந்தேன். தூக்கியவள் கையில் அதிர்வு தெரிந்து பதறினாள். கேபிள் பிடித்து இழுத்தது. டிஸ்க் கைநழுவித் தரையில் விழுந்தது. கத்தியைச் சாணை பிடிப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"நான்தான்ப்பா உடைச்சிட்டேன்" என்றாள். அவளை நான் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. "பரவாயில்ல கண்ணு, தெரியாம செஞ்சதுதானே" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். அதன் பிறகு அவள் வெளியூர்ப் பேச்சே எடுப்பதில்லை. வேளைக்குச் சமைக்கிறாள். மீதி நேரம் அந்த டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ கூப்பிட்டதற்குக்கூட வரவில்லை, பார்த்தாய்.

என் போனை நீ எடுத்திருக்கக் கூடாது. எடுத்தாய், அந்தக் கடைசிப் பதிவைக் கேட்டாய். "காலைல அம்மா வந்ததும் நாம மாமா வீட்டுக்குப் போறோம். ஸ்கூல் பையில ரெண்டு சட்டைய வச்சுக்க. அப்பாகிட்ட சொல்லாத கண்ணு, மறுபடி கதவப் பூட்டிருவாரு."

உன் அக்கா உன் வீட்டுக்கு வர இருந்தது உனக்கு முன்பே தெரியுமா என்று நான் கேட்கப் போவதில்லை. கோபத்தில் பேசியது அது. டியூட்டி முடிந்து வந்து ஒரு தூக்கம் போட்டிருந்தால் சரியாகியிருப்பாள்.

அந்தப் போனைக் கொடுத்துவிடு, மச்சான். பாப்பாவிடம் எதுவும் சொல்லாதே, தாங்க மாட்டாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?