ரீம்மாவின் கணினி மட்டும்

எங்கள் அலுவலகத்துக்குள் யாரும் வெளிக்காலணியோடு வருவதில்லை. ரஷ்யாவின் சரத்தோவ் நகரத்துப் பனிச்சேற்றை வாசலிலேயே விட்டுவிட்டு, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, தேநீரோடு வேலைக்கு உட்காருவோம்.

வேலை இதுதான். வேலை கேட்டு எழுதுவதுபோல் ஒரு மின்னஞ்சல் அனுப்புவோம். அதன் இணைப்பை யாராவது திறந்தால் நான் எழுதிய நிரல் உள்ளே நுழையும். சத்தமில்லாமல் கணினிக்குக் கணினி பரவி, ஒருநாள் எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டு, திறக்க விலை சொல்லும். வேலை முடிந்ததும் தன் தடயத்தையும் அழித்துக்கொள்ளும்.

ஆனால் கண்மண் தெரியாமல் பாயாது. ரஷ்ய விசைப்பலகை வைத்திருக்கும் கணினியைத் தொடாமல் விலகிவிடும். அதற்கென்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். “நம்ம ஆளுங்க மேல கை வச்சா போலீஸ் வீடு தேடி வந்துடும்டா” என்பார் முதலாளி எகோர். அவருக்கு அது பயம். எனக்கு மனசாட்சி.

மார்ச்சில் ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை மாட்டியது. மருத்துவமனை என்று தெரிந்துதான் பூட்டினேன். என் அக்கா ரீம்மா அங்கே நர்ஸ் வேலைக்கு மாற்றலாகிப் போயிருந்தது தெரியாது, பேசியே மாதக்கணக்காகியிருந்தது. கணினிகள் முடங்கியதால் இதய நோயாளி ஒருவரை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அவர் வழியிலேயே இறந்துபோனார்.

மறுநாள் ரீம்மா அழைத்தாள்.

“ரோதியா, வார்டுல எல்லாக் கம்ப்யூட்டரும் போச்சு. என்னோடது மட்டும் நல்லாருக்கு. அம்மாவுக்கு எழுதறதுக்கு கீபோர்டுல நம்ம ரஷ்ய எழுத்தப் போட்டு வச்சிருந்தேன், வேற ஒண்ணும் பண்ணலடா. இந்த ரஷ்யாக்காரிதான் உள்ளேருந்து கதவத் திறந்து விட்டுட்டான்னு பேசறாங்க. நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, ஏன் இப்படி ஆச்சுன்னு நீயே அவங்ககிட்ட சொல்லேன்.”

ஒரே வாக்கியத்தில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

“தெரியலக்கா.”

“சரி விடு. சாப்பிட்டியா நீ?”

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

ரீம்மா விசாரணைக் காவலில் இருக்கிறாள். அந்த மனிதரைக் கொன்றதும் அவளை உள்ளே தள்ளியதும் நான்தான். நான் எழுதும் இதை ஜெர்மன் போலீசுக்கு அனுப்பினால் அவள் வெளியே வந்துவிடுவாள். அனுப்பவில்லை. எழுதியதே கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

அடுத்த வாரம் புது நிரல் போகிறது. அந்த வரியை அதிலும் வைத்திருக்கிறேன். என்ன இருந்தாலும் நம்மவர்களுக்குக் கெடுதல் செய்ய எனக்கு மனம் வராது.