அஸருக்கு முந்தி ஸ்டார்ட் ஆகணும்

இல்ல பாஸ், டிரக்டர் பெட்டரி நல்லம். நீங்களே கேட்டீங்கதானே, சாவியத் திருப்பினா கிர்ர்ர் எண்டு சுத்துது. சுத்துறதுக்குச் சத்து இரிக்கு, புடிக்கத்தான் மனசு வரல்ல. ஒரு சில மனுசரும் அப்படித்தான். ஒங்களச் சொல்லல்ல. நீங்க வேலையப் பாருங்க.

இஸ்ரா, அந்த ஸ்டூல வெளியில கொண்டு வா மகள். எவ்வளவு நேரம் அந்த மனுசன் குனிஞ்சே நிக்கிற.

ராத்தாவப் பாக்காதீங்க, அவ அப்படித்தான். எங்கட எதிர்வீட்டு றுகையா ராத்தாக்கு, டிரக்டர் பழுதானாத்தான் வாசல்ல இருந்து தேங்கா திருவ மனசு வரும். காலையில இருந்து ஒரே தேங்கா. நல்லதுதான், சாட்சிக்கு ஆள் இரிக்கு. நாளைக்கு ஒருத்தரும் ஒண்டும் கதைக்க ஏலாது.

அவசரப்படுத்துறேன் எண்டு நினைக்காதீங்க. அஸர் தொழுகைக்குப் பொறகு ஜுனைதீன் நானா வாராரு. என்ட கூடப் பொறந்த மூத்தவரு, தெரியுந்தானே. தனிய இல்ல, டிரக்டர வாங்க ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டு. அந்த ஆளுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணிக் காட்டணுமாம். ஸ்டார்ட் ஆனா இண்டைக்கே ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்க. டிரக்டர் போனா, அடுத்தது நான்.

ஏன் நிமிந்து பாக்குறீங்க. ஓ, ஒங்களுக்குச் சொல்லல்லையா. கேகாலையில ஹாட்வெயார் கட வச்சிரிக்கிற ஒருத்தர நானா எனக்குப் பேசி வச்சிரிக்காரு. பொஞ்சாதி மௌத்தாப் போய்த் தனி ஆளாம். நல்ல மனுசனாம், அஞ்சு நேரமும் பள்ளியில தொழுகையாம். நான் கண்டதில்ல. போட்டோ ஒண்டு காட்டினாங்க. அதுல ஆளவிட கட போர்டுதான் பெருசு.

இண்டைக்கு நானாட்ட நான் பதில் சொல்லணும். ஓம் எண்டா, டிரக்டர வித்து, வீட்டப் பூட்டி, ஓலெவல் சோதின எடுக்கிற வருசத்துல இஸ்ராவ ஸ்கூல் மாத்தி, கேகாலைக்குப் போகணும். இல்ல எண்டா, ஏன் இல்ல எண்டு நானா கேப்பாரு. அதுக்கு ஒரு காரணம் வேணுமே. சும்மா இல்ல எண்டா அவரு விடுவாரா.

பத்து ஸ்பானரா. ஒங்கட கால்கிட்டத்தான் கெடக்கு. அது பன்னெண்டு. பத்து மத்தது. என்ன பாஸ், இண்டைக்கு ஒங்கட கைக்கு என்ன வந்த.

டீசல் இரிக்கு. குச்சி விட்டுப் பாத்தேன், பாதி டேங்குக்கு மேல. கீழ டீசல் வார டெப்பும் திறந்துதான் இரிக்கு. ஃபில்டர்ல தண்ணி இல்ல. எஞ்சின் சுத்துது, ஆனா பைப்பால ஒரு பொட்டுப் பொகையும் வரல்ல. அப்ப டீசல் உள்ளுக்குப் போகல்ல எண்டுதானே அர்த்தம்.

சிரிக்கிறீங்க. இஸ்ராட வாப்பா இருக்கக்குள்ள இத எத்தினையோ தரம் கழட்டிப் பூட்டினாரு. டோர்ச் புடிச்சது ஆரு. வெளிச்சம் கொஞ்சம் அசைஞ்சாலும் ஏச்சு. அப்படிக் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு நிண்டா, விருப்பம் இல்லாட்டியும் பாடம் ஏறும்தானே. அவரு மௌத்தான பொறகு நான்தான் ரப்பர் பால் கேனெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறேன். மொத நாள் பஜார்ல எல்லாரும் கடைய விட்டுட்டு வெளிய வந்து பாத்தாங்க. இப்ப பஸ்காரனே ஹோன் அடிச்சி வழி கேக்குறான். நானாதான் இன்னும் என்னப் புடிச்சி, பஸ்லியா, பொம்பள டிரக்டர் ஓட்டினது போதும் எண்டு சொல்லிக்கிட்டு இரிக்காரு.

டீசல் பைப்புல எயார் எடுக்கப் போறீங்களா. எடுங்க, எடுங்க. ஃபில்டருக்கு மேல இரிக்கிற ஆணிய லூஸ் பண்ணி, கைப் பம்ப அடிங்க. எயார் இருந்தா நொர நொரயா வரும். பாத்தீங்களா, மொத அடியிலயே சுத்தமான டீசல். எயாரும் இல்ல. திருப்பி இறுக்குங்க, எல்லாம் நெலத்துல ஊத்துது. டீசல் விக்கிற வெலைக்கு.

போன மாசமும் இப்படித்தான். அண்டைக்கு டெப் மூடியிருந்துச்சு. டெப்பத் திருப்புறது ஒரு விரல் வேல. நீங்க என்ன செஞ்சீங்க. ஃபில்டரக் கழட்டி, கழுவி, பூட்டி, என்னமோ விட்டுப்போச்சு எண்டு திருப்பியும் கழட்டி, பகல் லுஹர்ல இருந்து அஸர் வரைக்கும் நிண்டீங்க. அதுக்கு முந்தி பெட்டரி வயர் லூஸ். அதுக்கு ஸ்டார்ட்டர் மோட்டரையே எறக்கி வச்சீங்க. நான் ஒண்டும் கேக்கல்ல. கூலியும் வேணாம் எண்டுட்டு, ஒரு பிளேன்டி குடிச்சி, ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியக் கடிச்சிட்டுப் போனீங்க. இப்படி வேல செஞ்சா கராஜ் எப்படி ஓடும்.

மூணு தங்கச்சிமாருக்கும் கலியாணம் முடிச்சுக் குடுத்தீங்களே, ஒங்களுக்கு எப்ப எண்டு பள்ளியில கேட்டவங்களுக்கு, எனக்கென்ன அவசரம் எண்டீங்களாம். ராத்தாதான் சொன்னா. அவசரம் இல்லாத மனுசன் இந்த ஏத்தத்துல மோட்டர் பைக் ஓட்டி வார வேகத்த நாங்களும் பாக்கிறதுதானே.

ராத்தா இன்னொண்டும் கேட்டா. முந்தி இவர ஜஸீல் நானா எண்டுதானே கூப்பிட்ட, இப்ப என்ன பாஸ் எண்டு. மேசனையும் மெக்கானிக்கையும் பாஸ் எண்டுதானே ஊரெல்லாம் கூப்பிடுறாங்க எண்டு சொல்லிட்டேன். எனக்கு ஒரு நானா போதும். இரிக்கிற நானாவையே சமாளிக்க ஏலல்ல.

அஸர் பாங்கு சொல்றாங்க.

சரி, பள்ளிக்குப் போங்க. போறதுக்கு முந்தி ஒரு எடத்துல கைய வச்சிப் பாருங்க. பம்புக்குப் பின்னால, எஞ்சின நிப்பாட்டுற சின்ன லீவர் ஒண்டு இரிக்கே, ஸ்டொப் கேபிள் வந்து பூட்டுற எடம். இன்னும் உள்ளுக்கு விடுங்க. ஆ, அதுதான். கம்பித் துண்டு ஒண்டு தட்டுப்படுதா. அது அந்த லீவர நிப்பாட்டுற பக்கமா இழுத்துப் புடிச்சிக்கிட்டு இரிக்கு. அதனாலதான் டீசல் போகல்ல.

எலி வேல இல்ல பாஸ். எலிக்குக் கம்பி முறுக்கத் தெரியாது. நான்தான். விடிய சுபஹ் தொழுதுட்டு வந்து முறுக்கினேன். டெப் மூடினதும் நான்தான், பெட்டரி வயரும் நான்தான். ஆக மொதல்ல நீங்க வந்தது மட்டும்தான் உண்மையான பழுது. ஒங்களுக்கு எப்பவோ வெளங்கியிருக்கும் எண்டு நினைச்சேன். வெளங்காமலா ஒரு டெப்பத் திருப்ப அவ்வளவு நேரம். சரி, தலையக் குனியாதீங்க, ராத்தா பாக்குறா.

ஒங்களப் பத்தி இஸ்ராட்டயும் கேட்டுட்டேன். அந்த அங்கிள் வாயே திறக்க மாட்டாரே உம்மா எண்டா. அதுக்குத்தான் நான் இரிக்கேனே எண்டேன். சிரிச்சிட்டா.

நானாவும் இப்ப அந்தப் பள்ளிக்குத்தான் வருவாரு. வேணுமெண்டா இப்பவே கம்பியக் கழட்டி, ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டுப் போங்க. அந்த ஆள் வந்து ஓட்டிக்கிட்டுப் போகட்டும், நானும் கேகாலைக்குப் போறேன். இல்லாட்டி தொழுது முடிஞ்சதும் நானாவ ஒரு பக்கமாக் கூப்பிட்டு, ரெண்டு வார்த்த கதைங்க. எதச் செஞ்சாலும் நான் கோவிக்க மாட்டேன்.

கோவிப்பேன். சும்மா சொன்னேன்.

கையக் கழுவிட்டுப் போங்க, பைப்படியில சவுக்காரம் இரிக்கு. என்ன, இன்னும் உள்ளுக்குக் கைய விட்டுக்கிட்டு என்ன செய்யிறீங்க. கழட்டுறீங்களா.

அனே பாஸ், அந்தக் கம்பிக்கு இன்னொரு முறுக்கு முறுக்குறீங்களே.