அழுத்திப் பிடித்த அளவு

என் விரல்கள் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டீர்கள், டாக்டரம்மா. இல்லை. அது வேலைக் கறை. சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடமாக மஞ்சளோடு மாரடிக்கிறேன்.

மஞ்சளில் இருக்கும் குர்குமினை உடம்பு லேசில் ஏற்காது, வந்த வழியே அனுப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளுக்குள் அதை அடைத்து, புற்றுக்கட்டி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. சில எலிகளுக்குக் கட்டி சுருங்கியது. வாரம் ஒருமுறை வெர்னியர் காலிப்பரை வைத்து நான்தான் அளப்பேன். மனிதர்களுக்குக் கொடுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது.

ஜனவரியில் என் தங்கை மேரி ஷாலினிக்குத் தாடைக்குக் கீழே, உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி வந்தது. புற்றுநோய்தான், ஆனால் பரவவில்லை, எடுத்துவிடலாம் என்று சொல்லி கடலூரில் நீங்களே தேதியும் கொடுத்தீர்கள். அவளுக்குக் கத்தி என்றால் பயம். எங்கள் மருந்தைக் கொடுத்துப் பார்க்க மூன்று வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். அவள் கணவர் ஜெகன்தான் தயங்கினார்.

"மச்சான், டாக்டர் குடுத்த தேதிய உட்டுட வேணாம்."

"எலிக்கே கேக்குது மாப்ள, இவளுக்குக் கேக்காதா?" என்றேன்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மேல்பட்டாம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போவேன். ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து வந்த குப்பியைக் கொடுத்துவிட்டு, கட்டியை அளப்பேன். முதல் வாரம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். மூன்றாம் வாரம் இருபத்துநான்கு. அன்றே அவளை உங்களிடம் கூட்டி வந்திருக்க வேண்டும்.

"எவ்ளோண்ணா?" என்று கேட்டாள்.

காலிப்பரின் முனைகள் தோலில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. இன்னொரு தடவை வைத்தேன், கொஞ்சம் அழுத்தி. இருபத்தொன்று வந்தது. நான் பொய் சொல்லவில்லை, கருவி காட்டியதைத்தான் சொன்னேன். ஜெகன் சந்தோஷமாகப் போய்க் கறி வாங்கி வந்தார்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. மொத்தம் பதினான்கு வாரம். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். வலிக்கிறதா என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நோட்டில் எண்கள் அழகாக இறங்கிக்கொண்டே வந்தன. மனித உடம்பில் இதை நிரூபித்துக் காட்டியவன் நான்தான் என்று ஆய்வுக்கூடத்து ஆட்கள் முன்னால் அந்த நோட்டைப் போட ஆசைப்பட்டேன். இதை எழுதவே கூசுகிறது.

இப்போது நுரையீரலுக்குப் பரவிவிட்டது, இனி எடுத்துப் பயனில்லை என்கிறீர்கள். பதினான்கு வாரம் எங்கே போனது என்று நீங்கள் கேட்டதற்கு, பயத்தில் தானே வராமல் இருந்துவிட்டதாக ஷாலினி சொல்லியிருக்கிறாள். நேற்று வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அப்படித்தான் சொல்லியிருக்கேண்ணா. நீ எதுவும் வாயத் தொறக்காத," என்றாள்.

அவள் சொன்னதை நம்பாதீர்கள். நான் மேலே எழுதியதிலும் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த மூன்றாம் வாரம், நான் முதல் தடவை அளந்து முடித்ததும் அவள் சொன்னாள்: "பயமெல்லாம் போயிடுச்சுண்ணா. கொறையலன்னா சொல்லு, நாளைக்கே ஆபரேஷன் பண்ணிக்கிறேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அழுத்தினேன்.