பட்டியலில்தான் இருந்தாள்

உங்கள் மேசையின் ஒரு கால் குட்டை, மேடம். ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது. வேண்டுமானால் நானே வைத்துத் தருகிறேன். கோணலாக ஏதாவது கண்ணில் பட்டால் சரிசெய்யாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. என் மனைவி என்னை ‘ரிப்பேர் கடை’ என்றுதான் கேலி செய்வாள்.

வெள்ளத்தின்போது நிவாரண அலுவலகத்தின் பெயர்ப் பதிவு மென்பொருள் என் பொறுப்பில் இருந்தது. முகாம்களிலிருந்து பெயர்கள் வந்து சேரும். உறவினர்கள் கவுன்ட்டரில் ஒரு பெயரைச் சொன்னால், அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் காட்டும். காட்டவேண்டும்.

பள்ளிக்கூட முகாமில் பதிவு செய்த பெண், அவசரத்தில் எல்லாப் பெயரையும் ஆங்கிலச் சின்ன எழுத்திலேயே அடித்துவிட்டாள். மற்ற முகாம்களில் எல்லாம் பெரிய எழுத்து. பழைய மென்பொருள் பெரிய எழுத்துப் பெயர்களை முன்னாலும், சின்ன எழுத்துப் பெயர்களைக் கடைசியிலும் அடுக்கியிருந்தது. நாங்கள் புதிதாகப் போட்ட தேடலுக்கோ இரண்டு எழுத்தும் ஒன்றுதான். அது பட்டியலை முழுக்கப் படிக்காது. நடுவில் திறந்து பார்க்கும். தேடும் பெயர் ஆங்கில அகரவரிசையில் அதற்கு முந்தையது என்றால் பின்பாதியை அப்படியே ஒதுக்கிவிடும். பள்ளிக்கூட முகாம் மொத்தமும் அந்தப் பின்பாதியில் இருந்தது. ஆள் உள்ளேயே இருப்பார், முக்கால்வாசிப் பேருக்கு ‘இல்லை’ என்று பதில் வரும்.

இதை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். மேலாளரிடமும் சொன்னேன்.

“வரிசையில மட்டும் கை வச்சிடாதப்பா. பழைய ரிப்போர்ட் எல்லாம் குழம்பிடும். அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். நான் சம்பளக்காரன். மேலே இருப்பவர் சொன்னால் கேட்கவேண்டியதுதானே?

அதற்குள் பள்ளிக்கூட முகாமைக் கலைத்துவிட்டார்கள். தனியாக வந்த குழந்தைகளைத் தற்காலிகமாக ஊழியர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். எங்களுக்குப் பாப்பா வந்தாள். மூன்று வயதிருக்கும். தன் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்வாள். எங்களுக்குக் குழந்தை இல்லை, டாக்டர்கள் கையை விரித்து வெகுநாளாகிறது. முதல் வாரம் முடிவதற்குள் பாப்பா என் மனைவியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். ஒருநாள் காலையில் “அம்மா” என்றாள். என் மனைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

தினமும் நான் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பாள்: “யாராச்சும் தேடி வந்தாங்களா?”

“இல்ல.”

முதலில் அது உண்மையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு பெண் வந்தாள். கவுன்ட்டரில் சொன்ன பெயர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எனக்கும் கேட்டது. எங்கள் பாப்பாவின் பெயர். கவுன்ட்டர் பெண் அடித்துப் பார்த்துவிட்டு, “இல்லையேம்மா” என்றாள்.

“இன்னொரு தடவை பாருங்க. சின்னப் பிள்ளைங்க, பேரு கேட்டா சொல்லும்.”

இன்னொரு தடவையும் பார்த்தாள். தலைகீழாக நின்றாலும் அந்தத் தேடலில் வராது. அந்த அம்மா மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை, மேடம். அவள் செருப்பு வார் அறுந்திருந்தது. ஊக்கு குத்திச் சரிசெய்து கொடுத்தேன். “நல்லாயிருங்க தம்பி” என்றாள்.

பாப்பாவின் பெயரை அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அழிப்பது குற்றம். நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. எங்கள் வீட்டு விலாசத்தோடு அவள் பட்டியலில்தான் இருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் மேலாளரே கூப்பிட்டு, “ரிப்போர்ட் வேலை முடிஞ்சுது, அந்த வரிசையை மாத்திடு” என்றார். ஒரு கட்டளை, ஒரு நிமிட வேலை. சாயங்காலம் கேட்டார். மாற்றாமலே, மாற்றிவிட்டேன் என்றேன்.

மற்றவர்களைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயம்தான். பாப்பாவை மட்டும் மறைக்க வழியில்லை. வரிசையை அப்படியே விட்டால் பள்ளிக்கூட முகாமில் முக்கால்வாசிப் பேர் மறைந்துதான் இருப்பார்கள். அங்கேயிருந்து மருத்துவமனைக்கு மாற்றிய ஒரு பெரியவர் இருந்தார். அவர் மகன் எங்கள் கவுன்ட்டருக்கு இரண்டு முறை வந்து, இல்லை என்றதும், அப்பா வெள்ளத்தோடு போய்விட்டார் என்று காரியமும் செய்துவிட்டான். பெரியவர் அதற்குப் பிறகுதான் மருத்துவமனையில் இறந்தார். கடைசி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நான் என்ன செய்யமுடியும், சொல்லுங்கள். அவரைக் காட்டினால் இவளையும் காட்டிவிடுமே.

கவுன்ட்டர் பெண் இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவேயில்லை. அந்த அம்மாவின் அழுகையைப் பார்க்கமுடியாமல், தேடலை மூடிவிட்டு, பட்டியலை முதல் பெயரிலிருந்து கண்ணாலேயே படித்திருக்கிறாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் பாப்பாவின் பெயர் இருந்திருக்கிறது. பக்கத்தில் என் விலாசம்.

எல்லாம் தெரிந்துதான் செய்தேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வெளியே அழுவது பாப்பாதான், எனக்குத் தெரிகிறது. புது ஆள் தூக்கினால் அப்படித்தான் அழுவாள். தேடி வந்த அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், மேடம். பார்த்தது போதும், இருட்டுவதற்குள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடட்டும். அவளும் ஒரு பெண்தானே. குழந்தையை அம்மாவிடமிருந்து பிரிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியாதா?